போனில் ஈசிஜி எடுத்தவர்கள் யாராவது உண்டா?

அப்பாவுக்கு 68 வயது. திடீரென்று நெஞ்சு படபடக்கும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் சரியாகியிருக்கும். ஈசிஜி நார்மல் என்று அனுப்பிவிடுவார்கள். 24 மணி நேரமும் ஈசிஜியைப் பதியும் ஹோல்டர் கருவியை மாட்டிய அன்று பார்த்து ஒன்றுமே வரவில்லை. கேஸ் தொந்தரவாக இருக்கும் என்று ஒருவர் சொல்ல, அப்பாவும் அதையே நம்பிவிட்டார்.

வேறொரு இதய மருத்துவர்தான் கார்டியாமொபைல் என்ற கருவியை வாங்கச் சொன்னார். டேவிட் ஆல்பர்ட் என்ற அமெரிக்க டாக்டர் உருவாக்கியது. 2012-இல் அங்கே மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் எஃப்டிஏவின் அனுமதி பெற்றது. விரல் நீளத்தில் ஒரு பட்டை, அதில் இரண்டு உலோகத் தகடுகள். இரண்டு கை விரல்களையும் 30 விநாடி வைத்தால் போன் திரையில் ஈசிஜி ஓடும். எங்களிடம் இருப்பதில் புளூடூத் கிடையாது. இதயத்தின் மின் சிக்னலை நம் காதுக்கு எட்டாத ஒலியாக மாற்றி அனுப்புகிறது. போனின் மைக் அதைப் பிடித்துக்கொள்கிறது. எவ்வளவு அழகான யோசனை! போன் பக்கத்திலேயே இருக்க வேண்டும், கை ஆடக்கூடாது. விரல் காய்ந்திருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு வையுங்கள், கோடு தெளிவாக வரும்.

ஒரு ராத்திரி படபடப்பு வந்ததும் எடுத்தோம். 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருக்கலாம்' என்று காட்டியது, அதாவது இதயத்தின் மேலறை ஒழுங்கில்லாமல் நடுங்குவது. டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். துடிப்புகளுக்கு நடுவே இடைவெளி தாறுமாறாக இருப்பதையும், பி அலை (மேலறை சுருங்கும்போது கோட்டில் வரும் சின்ன மேடு) இல்லாததையும் மறுநாள் காட்டி விளக்கினார். இதயத்தின் மேலறை சுருங்காமல் நடுங்கினால் ரத்தம் அங்கே தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இப்போது அப்பா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். படபடப்பு வரும் நேரத்தில் கருவி கையில் இருந்ததால்தான் பிடிபட்டது.

ஆனால் இது ஒரே லீட், அதாவது இதயத்தை ஒரே கோணத்தில்தான் பார்க்கும். மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. நெஞ்சுவலி என்றால் இதை எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

*

அக்கா, நல்ல விஷயம் எழுதினீர்கள். ஆனால் வெறும் போனை நம்பிவிட வேண்டாம். 2021 கொரோனா இரண்டாம் அலையில், ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்ஸிமீட்டர் கிடைக்காமல் மாமா ஏதோ ஒரு ஆப்பை இறக்கினார். கேமரா மேல் விரல் வைத்தால் 98 என்றது. அத்தைக்கு மூச்சு வாங்குகிறது, அப்போதும் 98! பக்கத்து வீட்டு நர்ஸ் நிஜக் கருவியை மாட்டினார், 86. உடனே அட்மிட் செய்தோம், பிழைத்துவிட்டார்.

நிஜ ஆக்ஸிமீட்டர் 660 நானோமீட்டர் சிவப்பு ஒளி, 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி இரண்டையும் விரலுக்குள் செலுத்தி, எது எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று ஒப்பிடும். போனின் ஃபிளாஷ் வெறும் வெள்ளை வெளிச்சம். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் போன் ஆக்ஸிமீட்டர் செய்தபோது, விரலில் மாட்டும் சென்சாரை ஹெட்போன் துளையில்தான் செருகினார்கள். கணக்குப் போடுவதும் காட்டுவதும் போன் வேலை. அளப்பதற்குத் தனி சென்சார் இருந்தே ஆக வேண்டும்.

*

அக்கா, என் அம்மாவுக்கு பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்க உடலுக்குள் வைக்கும் கருவி) வைத்திருக்கிறது. இதை வாங்கலாமா?

*

வேண்டாம் தம்பி. பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்குப் பரிந்துரைப்பதில்லை என்று கருவியோடு வந்த தாளிலேயே போட்டிருக்கிறது. பேஸ்மேக்கர் செக்கப்புக்குப் போகும்போது படபடப்பு வந்த தேதி, நேரத்தைச் சொல்லுங்கள். பல பேஸ்மேக்கர்களில் துடிப்பின் பதிவு உள்ளேயே இருக்கும், டாக்டர் எடுத்துப் பார்ப்பார்.