தச்சநல்லூர் ஆச்சி குடும்பம்

பவி: கண்ணன் அத்தான், சித்திரை பிறந்ததும் பால் காய்ச்சுகிறோம். வீட்டு முன்னால் வெறும் களிமண். கட்டிக் கொடுத்தவர்கள் வைத்த இரண்டு செடியும் காய்ந்துவிட்டன. உங்கள் வீட்டுக்கு ஹம்மிங்பேர்ட் குருவி வருகிறதே, அது என்ன செடி?

முருகன்: வாழ்த்துகள் பவிக்குட்டி 🙏

முருகன்: ராகுகாலம் ஆஸ்டின் நேரத்துக்குப் பார்க்கணும்

கண்ணன்: ஒரு செடி போதாது பவி, மூன்று வை. வெயில் விழுகிற இடத்தில் சால்வியா கிரெகி. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும், அதனால் களிமண்ணில் மேடு கட்டி வை. மரநிழலில் டர்க்ஸ் கேப். அது செம்பருத்தியின் பங்காளி, பூ விரியவே விரியாது, முறுக்கிக்கொண்டே நிற்கும். மூன்றாவது ஃப்ளேம் அகாந்தஸ். அது நம் கனகாம்பரத்தின் குடும்பம். ஆகஸ்ட் வெயிலில் மற்றதெல்லாம் வாடும்போதும் பூக்கும். மூன்றும் டெக்சாஸ் மண்ணுக்கே உரியவை, ஒருமுறை வேர் பிடித்தால் வருஷா வருஷம் வரும்.

ராஜி: செம்பருத்தியா

ராஜி: பவி, நான் வரும்போது பிச்சிக்கொடி ஒரு பதியன் கொண்டு வரட்டுமா? ஈரத்துணியில் சுற்றி வைத்தால் தாங்கும்

கண்ணன்: வேண்டாம் அத்தை. அரசின் தாவரச் சான்று இல்லாமல் செடி கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள்.

செல்வி: அல்வா கொண்டு வாங்க அத்தை 😍

முருகன்: எத்தனை கிலோ?

பவி: அத்தான், ஹம்மிங்பேர்ட் என்றால் நம்ம ஊர்த் தேன்சிட்டுதானே?

கண்ணன்: இல்லை. பார்த்தால் ஒன்று போல இருக்கும், சொந்தம் கிடையாது. ஹம்மிங்பேர்ட் அமெரிக்கக் கண்டங்களில் மட்டும்தான் உண்டு. தேன்சிட்டு பெரும்பாலும் கிளையில் உட்கார்ந்து குடிக்கும். இது அந்தரத்தில் நின்றபடியே குடிக்கும், பின்பக்கமாகவும் பறக்கும். எடை மூன்று கிராம்தான். மார்ச் நடுவில் இங்கே வர ஆரம்பிக்கும். போன வருஷம் டர்க்ஸ் கேப் பக்கத்தில் ஒன்றை இரண்டடி தூரத்தில் பார்த்தேன். பூவின் மகரந்தத் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இல்லையா, அந்த மகரந்தம் ஒட்டி நெற்றியில் சந்தனம் வைத்த மாதிரி இருந்தது. ஆச்சி நினைவுதான் வந்தது.

ராஜி: ஆச்சி வைத்த கிணற்றடிச் செம்பருத்தியில் காலையில் எத்தனை தேன்சிட்டு வரும்!

ராஜி: இப்போது சுவர்தான் இருக்கிறது

சுந்தரம்: சுவர் கட்டாவிட்டால் இடம் போயிருக்கும்.

ராஜி: சுவரை இரண்டடி தள்ளிக் கட்டியிருக்கலாம் அண்ணா

செல்வி: மாமா மாத்திரை போட்டாச்சா?

முருகன்: பால் காய்ச்ச எத்தனை பேர்? ஐயர் கிடைத்தாரா?

பவி: முப்பது பேர். ஐயர் இன்னும் உறுதி இல்லை

ராஜி: செடி பூக்கும்வரை கருப்பட்டித் தண்ணீர் வைக்கலாமா கண்ணா?

கண்ணன்: கருப்பட்டி கூடவே கூடாது அத்தை, அதிலுள்ள இரும்பு அதற்கு ஆகாது. தேனும் வேண்டாம். வெள்ளைச் சீனி ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு. சிவப்புச் சாயம் கலக்காதே பவி. வெயிலில் இரண்டு நாளைக்கு ஒருமுறை கழுவி மாற்று. நாற்றுப் பண்ணையில் பூச்சிமருந்து ஊற்றாத செடியாகக் கேட்டு வாங்கு. அந்த மருந்து பூந்தேனிலும் இறங்கும், தவிர இந்தக் குருவிகள் சின்னப் பூச்சிகளையும் பிடித்துத்தான் குஞ்சு வளர்க்கின்றன.

பவி: பனி வந்தால்?

கண்ணன்: என்னிடம் ஹமீலியா ஒன்று இருக்கிறது. ஊரில் வேலிக்கு வைப்பார்களே, ஆரஞ்சுக் குழல்பூ, அதேதான். 2021 பிப்ரவரிக் குளிரில் தரையோடு கருகிவிட்டது. பிடுங்கிப் போடலாம் என்று செல்வி சொன்னாள், நான் சருகு போட்டு மூடி விட்டேன். கோடையில் வேரிலிருந்து துளிர்த்தது.

செல்வி: நான் அப்படிச் சொல்லவில்லை

பவி: சனிக்கிழமை பண்ணைக்குக் கூட வருகிறீர்களா அத்தான்?

கண்ணன்: வேலை இருக்கிறது, பார்க்கிறேன். ஞாயிறு என்றால் வசதி.

சுந்தரம்: ராஜி, புறப்படுமுன் வீட்டுக்கு வா. கிணற்றடியில் சுவருக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் இடம் இருக்கிறது.

ராஜி: வெள்ளிக்கிழமை பார்க்கிறேன் அண்ணா

முருகன்: அல்வா இரண்டு கிலோ சொல்லிவிட்டேன். போதுமா?