கோழி திருடப் போனவன் கையால் ஆள் செத்தால் கொலையா? (சட்டம் தெரிந்தவர்கள் மட்டும் பேசவும்)

வெள்ளவத்தை வாசன்:
நேற்று இங்கே ஒரு அண்ணை எழுதியிருந்தார்: "கொள்ளையடிக்கப் போன இடத்தில் யார் செத்தாலும், கூடப் போன எல்லாருக்கும் கொலைக் குற்றம்தான். வெளியே ஓட்டோவில் இருந்தவனுக்கும் தூக்கு. இதுதான் இலங்கைச் சட்டம்." வாசித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அது அமெரிக்கச் சட்டம், அண்ணை. அங்கேயும் எல்லா மாநிலத்திலும் இல்லை. மிச்சிகனில் 1980இலேயே நீதிமன்றம் அதைத் தூக்கிப் போட்டுவிட்டது. தொலைக்காட்சித் தொடர் பார்த்துவிட்டு இங்கே தீர்ப்பு எழுதாதீர்கள். நம் தண்டனைச் சட்டக்கோவையின் 293ஆம் பிரிவில் உதாரணமே இருக்கிறது. திருடும் எண்ணத்தோடு ஒருவன் கோழியைச் சுடுகிறான். பற்றைக்குப் பின்னால் ஆள் இருப்பது அவனுக்குத் தெரியாது. ஆள் செத்துப்போகிறான். அது ஆட்கொலைக் குற்றமே இல்லை என்கிறது சட்டம். ஆட்கொலைக் குற்றத்தின் கடுமையான வகைதான் கொலை. முதலாவதே இல்லையென்றால் கொலை எங்கிருந்து வந்தது?

கொட்டாஞ்சேனை குமரன்:
அந்த "ஒரு அண்ணை" நான்தான். பெயர் சொல்லப் பயமா? மனுசன் செத்துக் கிடக்கிறான், நீர் கோழிக் கதை சொல்கிறீர். செட்டியார் தெரு நகைக்கடைக்குள் துப்பாக்கியோடு போகிறவன், காவலாளி விழுந்ததும் "நான் கோழியைத்தான் குறிபார்த்தேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாமோ?

தெஹிவளை ராணி:
நகைக்கடைக்குள் கோழி எப்படி வந்தது?

புதுக்கடைப் பழசு:
கொஞ்சம் பொறுங்கள். நான் புதுக்கடை நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி வாசன் சொன்னது சரி, ஆனால் பாதிதான். அந்தக் கோழி சும்மா வந்ததல்ல. திருடுவதற்காகக் கோழியைச் சுட்டுத் தவறி ஆள் செத்தால் அது கொலை என்று 18ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்து நீதியரசர் பொஸ்டர் எழுதி வைத்தார். இந்தியத் தண்டனைச் சட்டக்கோவை அதே கோழியை எடுத்து முடிவைத் தலைகீழாக்கியது. 1860இல் அங்கே சட்டமானது, 1883இல் இங்கே வந்தது, கோழியும் கூடவே வந்தது. இங்கிலாந்துக்காரன் தன் பழைய விதியைக் கைவிட்டது 1957இல்தான். அதாவது குமரன் தம்பி பேசுவது வெள்ளைக்காரனே குப்பையில் போட்ட சட்டம்.

கொட்டாஞ்சேனை குமரன்:
ஐயா, வரலாற்றுப் பாடம் வேண்டாம். கோழி சுட்டவன் தப்பலாமா, இல்லையா? அதைச் சொல்லுங்கள்.

புதுக்கடைப் பழசு:
தப்பலாம் என்று யார் சொன்னது? ஆட்கொலைக் குற்றம் இல்லை என்றேன். கவனயீனத்தால் மரணம் விளைவித்தது நிரூபிக்கப்பட்டால் 298ஆம் பிரிவு இருக்கிறது, ஐந்து வருடம் வரை சிறை. கோழிக்கும் தனியாகக் கேள்வி வரும். ஆனால் உங்கள் நகைக்கடைக்காரன் காவலாளியின் நெஞ்சுக்கு நேரே சுட்டவன். அவனுக்குப் பற்றையும் இல்லை, கோழியும் இல்லை. சாவான் என்று தெரிந்தே சுட்டான். 294ஆம், 296ஆம் பிரிவுகளின்படி அது கொலை, மரண தண்டனை. கொள்ளையடித்ததால் அல்ல, கொன்றதால். அப்புறம் "தூக்கு" என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். 1976க்குப் பிறகு இந்த நாட்டில் யாரையும் தூக்கிலிடவில்லை.

மருதானை நானா:
ஒரு சந்தேகம். கோழி அவனுடைய சொந்தக் கோழி என்றால்?

வெள்ளவத்தை வாசன்:
நானா சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். சொந்தக் கோழியோ திருட்டுக் கோழியோ, செத்தவனைப் பொறுத்தவரை கேள்வி ஒன்றுதான்: சுட்டவனுக்கு என்ன தெரியும், என்ன நோக்கம்? இது புரிந்தால் இவ்வளவு நீளத்துக்குப் பேசத் தேவையில்லை.

கொட்டாஞ்சேனை குமரன்:
வாசன் போன வருடம் நம் மாடிக் குடியிருப்பின் வாகனத் தரிப்பிடத்துக்கும் இப்படித்தான் சட்டம் பேசினார். கடைசியில் அடுத்தவன் இடத்தில் நின்றது யாருடைய கார்?

வெள்ளவத்தை வாசன்:
அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அந்த இடம் எனக்கு ஒதுக்கப்பட்டதற்குக் கடிதம் இருக்கிறது.

தெஹிவளை ராணி:
அந்தக் கடிதத்தை இன்றுவரை ஒருவரும் பார்க்கவில்லை.

கொட்டாஞ்சேனை குமரன்:
சரி, சட்டமே பேசுவோம். கல்கத்தாவில் ஒரு தபாலகக் கொள்ளை, 1923. தபால் அதிபரைச் சுட்டுக் கொன்றார்கள். ஒருவன் "நான் வெளியே வெறுமனே நின்றேன்" என்று சொல்லிப் பார்த்தான். 1924இல் லண்டனில் இருந்த கோமறைக் கழகம், அதாவது அன்றைய கடைசி மேன்முறையீட்டு மன்றம், அவனையும் கொலைகாரன் என்றே தீர்த்தது. இதற்கு என்ன சொல்கிறீர்கள், கோழிக் கட்சிக்காரர்களே?

புதுக்கடைப் பழசு:
அந்த வழக்கை நீங்களே கொண்டு வந்தது நல்லது. அந்தத் தீர்ப்பு நின்றது இந்தியச் சட்டத்தின் 34ஆம் பிரிவில். நம்மிடம் அதுவே 32. எல்லாருக்கும் பொதுவான எண்ணம் இருந்ததா என்பதுதான் கேள்வி. கொள்ளை நடந்தது, ஆள் செத்தான், ஆகவே எல்லாரும் கொலைகாரர் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. ஓட்டோக்காரனுக்குத் துப்பாக்கி இருப்பது தெரியுமா, தேவைப்பட்டால் சுடுவது என்று பேசிக்கொண்டு போனார்களா, இதையெல்லாம் வழக்குத் தொடுப்பவர் நிரூபிக்க வேண்டும். ஐந்து பேருக்குக் குறையாமல் போயிருந்தால் 146 வரும், சட்டவிரோதக் கூட்டம். அதிலும்கூடப் பொது நோக்கத்துக்காக அந்தக் குற்றம் நடக்கக்கூடும் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் "தெரிந்திருந்தானா" என்ற கேள்வி நிற்கிறது. நீங்கள் அந்தக் கேள்வியைத் தாண்டிக் குதிக்கிறீர்கள்.

கொட்டாஞ்சேனை குமரன்:
ஆக, வெளியே நின்றவனும் கொலைகாரன் ஆகலாம். நான் சொன்னதும் அதுதான். நன்றி ஐயா.

புதுக்கடைப் பழசு:
நீங்கள் எழுதியது "எல்லாருக்கும்". நான் எழுதியது "நிரூபித்தால்". மேலே போய் வாசியுங்கள்.

கொட்டாஞ்சேனை குமரன்:
வாசித்தேன். கோழித் திருடனுக்காக இவ்வளவு உருகுகிறவர் செத்தவனின் பெண்சாதி பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

வெள்ளவத்தை வாசன்:
வாதம் முடிந்ததும் பெண்சாதி பிள்ளைகள் வந்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

மருதானை நானா:
கொழும்பில் பிறந்து கோழியைக் கடைத் தட்டில் மட்டும் பார்த்தவர்களுக்கு இவ்வளவு கோபமா? அதுசரி, பறக்கிற கோழியைத் துப்பாக்கியால் சுட்டுத் திருடுகிறவன் எந்த ஊர்க்காரன்? பிடித்துச் சாக்கில் போட்டால் போதாதா?

கொட்டாஞ்சேனை குமரன்:
நானா, பகிடி பிறகு. பழசு ஐயாவிடம் நான் கேட்டதற்கு நேரான பதில் இன்னும் வரவில்லை. கோழி சுட்டவன் உள்ளேயா, வெளியேயா?

புதுக்கடைப் பழசு:
298ஐ மறுபடியும் விளக்கி எழுத எனக்கு இஷ்டமில்லை. மேலே இருக்கிறது. அப்புறம், என்னைப் "பழசு ஐயா" என்று எழுத வேண்டாம். அது நானே வைத்த பெயர், நானே சொல்லிக்கொள்வேன்.

கொட்டாஞ்சேனை குமரன்:
பதில் இல்லாதவர் பெயரைப் பிடித்துக்கொண்டார். வாசன், கடிதம் எங்கே?