ஹைபர்னேட்டுக்கு என்ன சொல் போடலாம்? வெள்ளிக்கிழமை கையேடு அச்சுக்குப் போகிறது

முதலியார்பேட்டையிலிருந்து:

மடற்குழுவில் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் மாலை வகுப்புக்கான லினக்ஸ் இயங்குதளக் கையேடு முடியும் தறுவாயில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நிற்கிறது: டெஸ்க்டாப் ஹைபர்னேட் ஆகாமல் (அதாவது, திறந்திருக்கும் வேலையை வட்டில், டிஸ்கில், எழுதிவிட்டு முழுதாக அணையாமல்) மக்கர் செய்தால் எதையெல்லாம் பார்ப்பது என்ற பக்கம். விஷயம் எழுதியாகிவிட்டது, சொல்தான் கிடைக்கவில்லை.

பிள்ளைகள் சஸ்பெண்ட் (கொஞ்சம் மின்சாரத்தோடு உறங்குவது), ஹைபர்னேட் இரண்டையுமே “ஸ்லீப்ல போட்டேன் மிஸ்” என்கிறார்கள். போன வாரம் ஒரு மாணவி வேலைக்கான விண்ணப்பத்தைப் பாதி அடித்து, சேமிக்காமல், சஸ்பெண்டில் போட்டுவிட்டு, போகிற போக்கில் சுவர் சுவிட்சையும் அணைத்துவிட்டாள். மறுநாள் வந்து பார்த்தால் வெறும் பக்கம். ஹைபர்னேட்டில் போட்டிருந்தால் சுவிட்சை அணைத்ததால் ஒன்றும் ஆகியிருக்காது. நாம் புழங்கும் ‘உறக்கநிலை’ இரண்டுக்கும் பொதுவாகக் கிடக்கிறது. பிரித்துக் காட்டுகிற சொல் வேண்டும். மெனுவில் அடங்கும் நீளத்தில் இருந்தால் நல்லது.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

அம்மா, புதிதாகச் செய்ய வேண்டியதே இல்லை. கைவசம் இருக்கிறது.

சஸ்பெண்டுக்கு அறிதுயில். பாற்கடலில் பள்ளிகொண்டவன் கண் மூடியிருந்தாலும் எல்லாம் அறிந்தபடிதான் கிடக்கிறான். விசைப்பலகையில் விரல் பட்டதும் விழிக்கிற கணினிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியிலும் இருக்காது. ஹைபர்னேட்டுக்குத் துஞ்சல். துஞ்சுதல் என்றால் உறங்குதல். இறந்ததை மங்கலமாகச் சொல்லவும் அதுவே. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன், கூடகாரத்துத் துஞ்சிய மாறன் வழுதி என்று மன்னர் பெயர்களிலேயே இருக்கிறதே. மின்சாரம் அடியோடு நின்ற பிறகும் விட்ட இடத்திலிருந்து எழும் நிலைக்குச் சாவையும் உறக்கத்தையும் ஒருங்கே குறிக்கிற சொல்தான் வேண்டும். “உறங்குவது போலும் சாக்காடு, உறங்கி விழிப்பது போலும் பிறப்பு” என்ற குறளில் ஹைபர்னேட், விட்ட இடத்திலிருந்து எழும் ரெஸ்யூம் இரண்டும் அடங்கிவிட்டன.

ரெஸ்யூமுக்கும் தேட வேண்டாம்: துயிலெடை. தொல்காப்பியப் புறத்திணையியலில் “சூதர் ஏத்திய துயிலெடை நிலையும்” என்று வருகிறது. கிடந்த அரசனைச் சூதர் பாடி எழுப்புவது அது. பிற்காலத்துப் பள்ளியெழுச்சிப் பாடல்கள் வளர்ந்ததும் இந்தத் துறையிலிருந்துதான். அதைப் பற்றி விரிவாகத் தனி மடல் எழுதுகிறேன்.

லாசுப்பேட்டையிலிருந்து:

ஐயா, படிக்கச் சுகமாக இருந்தது. ஆனால் “கணினியைத் துஞ்ச வை” என்று மெனுவில் போட்டால் ஒரு பிள்ளையும் அதைத் தொடாது. “துஞ்சினார் செத்தாரின் வேறல்லர்” என்று வள்ளுவரே சொல்லிவிட்டார். தொலைபேசி இப்போதே வந்து குவிகிறது, “சிஸ்டம் செத்துப்போச்சுண்ணா” என்று.

சொல்லைத் தேடும் முன் உள்ளே நடப்பதைப் பார்த்துவிடுவோம். சஸ்பெண்டில் வேலையெல்லாம் ராம் எனப்படும் தற்காலிக நினைவகத்திலேயே இருக்கும். அந்த ராமுக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். அது நின்றால் எல்லாம் போச்சு. ஹைபர்னேட்டில் ராமில் இருப்பதைச் சுருக்கி ராமுக்குத் துணையாக வட்டில் ஒதுக்கியிருக்கும் ஸ்வாப் என்ற இடத்தில் எழுதிவிட்டுக் கணினி முழுதாக அணைகிறது. மறுபடி போடும்போது இயங்குதளத்தின் மையமான கெர்னல் அந்த ஸ்வாப்பைத் தேடி எடுத்துப் பழைய நிலையை ராமில் நிரப்புகிறது.

தகராறெல்லாம் இந்தத் தேடலில்தான் வருகிறது. எங்கள் ஆய்வகத்தில் ஒரு டெஸ்க்டாப் சமர்த்தாக அணையும், எழும்போது மட்டும் புதிதாய்த் திறந்ததுபோல் வந்து நிற்கும். காரணம், அதே வட்டில் இன்னொரு லினக்ஸைப் போட்டபோது ஸ்வாப் மறுபடி ஃபார்மேட் ஆகி அதன் அடையாள எண்ணான யூயூஐடி மாறிவிட்டது. கெர்னலுக்குக் கொடுக்கும் ‘ரெஸ்யூம்’ அளவுருவில் பழைய எண்ணே இருந்தது. புது எண்ணைப் போட்டு, கணினி தொடங்கும்போது முதலில் ஏறும் கோப்புத்தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்ததும் சரியாகிவிட்டது. ஸ்வாப் தனிப் பகிர்வாக இல்லாமல் கோப்பாக இருந்தால், அது வட்டில் எங்கே தொடங்குகிறது என்ற ஆஃப்செட் எண்ணையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். 8 ஜிபி ராமுக்கு 2 ஜிபி ஸ்வாப் வைத்திருப்பவர்களுக்குச் சில நாள் வேலை செய்யும், நிறையத் திறந்து வைத்த நாளில் காலை வாரும். ராம் அளவுக்காவது ஸ்வாப் இருக்கட்டும். வெறும் இசட்ராமை மட்டும் ஸ்வாப்பாக வைத்திருந்தால் நடக்கவே நடக்காது, அது ராமுக்குள்ளேயே இருப்பது. கையொப்பமில்லாத மென்பொருள் தொடக்கத்தில் ஏறாமல் தடுக்கும் செக்யூர் பூட் போட்டிருந்தால் பல கணினிகளில் கெர்னலே ஹைபர்னேட்டைத் தடுத்துவிடும். உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் 12.04 பதிப்பு முதல் மெனுவிலேயே இயல்பாகக் காட்டுவதில்லை. அதையும் கையேட்டில் போடுங்கள் அக்கா, பிள்ளைகள் காணவில்லை என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். லினக்ஸில் சிஸ் என்ற அடைவில் (கோப்புறையில்) பவர் என்பதற்குள் ஸ்டேட் என்றொரு கோப்பு உண்டு. திறந்தால் ‘மெம்’, ‘டிஸ்க்’ என்று இருக்கும். எங்கே உறங்குகிறது என்பதை வைத்துத்தான் கெர்னலே பெயர் வைத்திருக்கிறது. நாமும் நினைவகத்துயில், வட்டுத்துயில் என்று வைத்தால் என்ன?

மஞ்சக்குப்பத்திலிருந்து:

நான் உயிரியல் பாடம் எடுப்பவன். பள்ளிப் பாடத்தில் ‘குளிர்கால உறக்கம்’ என்று ஏற்கெனவே இருக்கிறது, கரடிக்கும் கணினிக்கும் எதற்கு இரண்டு சொல்? ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேரும் குளிர்காலம்தான். நீளமாக இருந்தால் பெரும்பொழுதை வைத்துக் கூதிர்த்துயில் எனலாம்.

இதில் நம் ஊருக்கு ஒரு பொருத்தமும் உண்டு. ஐப்பசி, கார்த்திகைதான் கூதிர். கடலூரில் புயலும் மின்வெட்டும் வரும் பருவம் அதுதானே. கூதிர் கழிந்து மார்கழியிலும் விடாது: 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கரை கடந்த பிறகு நாள்கணக்கில் இருட்டில் கிடந்தவர்கள் நாம். யூபிஎஸ் கத்தத் தொடங்கியதும் அவசரமாக ஹைபர்னேட்டில் போடுகிற பருவமும் கூதிர்தான்.

வைசியாள் வீதியிலிருந்து:

ஐயா, குளிரைக் கொண்டுவந்தால் பிள்ளைகளுக்குக் கரடிதான் நினைவுக்கு வரும். நம் பக்கத்துத் தவளை கோடையில் மண்ணுக்குள் போய் மழைக்கு வெளியே வருவது. நாம் கண்ணால் பார்த்தது கோடை உறக்கம்தான்.

இன்னொன்று, பிரெஞ்சு விண்டோஸில் சஸ்பெண்டை ‘மீஸ் ஆன் வேய்’ என்பார்கள். ஹைபர்னேட்டுக்கு நெடுநாள் ‘வேய் புரொலோன்ழே’ என்று இருந்தது. வேய் என்றால் உறங்காமல் விழித்துக் காத்திருப்பது! நாம் உறங்க வைக்கிறோம், அவர்கள் காவலுக்கு உட்கார வைக்கிறார்கள். அதனால் உறக்கம் இல்லாமலும் சொல் அமையலாம். ஆனால் என் மொழிபெயர்ப்பு அனுபவத்தில், துயில் என்றாலே இந்தத் தலைமுறை கவிதை என்று நினைத்துவிடுகிறது. உறக்கம் என்றே வைத்துக்கொள்வோம். வட்டு + உறக்கம் = வட்டுறக்கம்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

லாசுப்பேட்டைத் தம்பி இடத்தை வைத்துப் பெயரிடச் சொன்னது மரபுக்கு ஒத்ததே. குளமுற்றமும் சித்திரமாடமும் துஞ்சிய இடங்கள்தாம். ஆக, வட்டுத்துஞ்சல் எனலாம். ‘வட்டு’ வன்தொடர்க் குற்றியலுகரம், வலி மிகும். ஒற்று விட்டுவிடாதீர்கள்.

ஆனால் வட்டு என்பதில் எனக்கு உறுத்தல் இருக்கிறது. இப்போது வட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி என்று தட்டையான சேமிப்பகம் ஒன்று போடுகிறார்கள், அதில் வட்டம் ஏது?

லாசுப்பேட்டையிலிருந்து:

அப்படியானால் சேமிதுயில் எனலாமா ஐயா? வினைத்தொகை, ஒற்றும் வேண்டாம்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

சேமி, சேமம் வழி வந்தது. சேமம் வடமொழி க்ஷேமம். ஏமம்தான் சேமம் ஆயிற்று என்று வாதிடுவோரும் உண்டு, எனக்கு அதில் முழு நிறைவில்லை. ‘ஏமத்துயில்’ என்றால் காப்பான உறக்கம் என்று பொருள் வரும். யோசியுங்கள்.

வைசியாள் வீதியிலிருந்து:

ஐயா, பொறுத்துக்கொள்ளுங்கள். ஏமம் என்றால் அந்த மாணவி ஏமாந்த கதையைத்தான் நினைப்பாள். தூய்மை எனக்கும் வேண்டும், ஆனால் வாசிக்கிறவளுக்கு முதல் பார்வையில் ஒரு பிடி கிடைக்க வேண்டும்.

முதலியார்பேட்டையிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. வட்டுறக்கம் என்பதற்குத்தான் அதிகம் பேர் தலையாட்டியிருக்கிறீர்கள், தனி மடலில் எழுதியவர்களையும் சேர்த்து. வட்டுத்துயிலுக்கும் ஆதரவு உண்டு. கூதிர்த்துயில் அழகான சொல், ஆனால் சுவிட்சை அணைக்கலாமா கூடாதா என்று அது சொல்லவில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

கையேட்டில் இப்படிப் போகிறது: “உறக்கம் என்றால் வேலை ராமில் இருக்கிறது, மின்சாரத்தை நிறுத்தாதீர்கள். வட்டுறக்கம் என்றால் வேலை வட்டுக்குப் போய்விட்டது. விளக்குகள் எல்லாம் அணைந்த பிறகு சுவிட்சை அணைக்கலாம். எழுதி முடிக்கும் முன் அணைத்தால் வேலை போய்விடும்.” பெரும்பாலான பிள்ளைகள் ஆங்கில மெனுவோடுதான் இருக்கிறார்கள், அதனால் முதல் இடத்தில் ‘ஹைபர்னேட் எனப்படும் வட்டுறக்கம்’ என்று சேர்த்திருக்கிறேன். எஸ்எஸ்டிக்கும் கடைக்காரர் வாயில் வட்டுதான் ஐயா, ‘ஹார்டு டிஸ்க்’ என்றே கேட்டு வாங்குகிறார்கள்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. என் மாற்றுக்கருத்து மட்டும் பதிவில் இருக்கட்டும்: உறக்கம் இரவுக்கு உரியது, துஞ்சல்தான் இதற்கு உரியது. சஸ்பெண்டுக்கு அறிதுயிலை விட்டுவிட்டது வருத்தமே. அடுத்த பதிப்பில் ரெஸ்யூமுக்காவது துயிலெடையைச் சேர்த்துக்கொள்ளுங்கள் அம்மா. அதற்கு வேறு யாரும் மாற்றுச்சொல் தரவில்லை.