நண்பன் செத்து ஆறு வாரம்தான் ஆகிறது, தம்பி இன்னும் அதே வேகத்தில் ஓட்டுகிறான்

அல்சூர் அக்கா:

கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 38 வயது, பெங்களூர் அல்சூரில் இருக்கிறேன். தம்பிக்கு 25, வைட்ஃபீல்டில் வேலை. அப்பா போனதிலிருந்து அவனை வளர்த்தது நான்தான். போன வருஷம் கார் வாங்கும்போது அவனுக்குக் கடன் கிடைக்கவில்லை, என் பெயரில் எடுத்தோம். அதனால் ஆர்சி என் பெயரில். சலான் எஸ்எம்எஸ் வருவதும் என் போனுக்குத்தான்.

ஆறு வாரத்துக்கு முன் அவனோடு படித்த பையன் இறந்துபோனான். விடியற்காலை மூன்று மணி, ஏர்போர்ட் ரோடு, கார் தடுப்பில் மோதியிருக்கிறது. ஓட்டினவனுக்கு நெற்றியில் நாலு தையல், அவ்வளவுதான். பின் சீட்டில் நடுவில் பெல்ட் இல்லாமல் உட்கார்ந்திருந்த இந்தப் பையன்தான் போய்ச் சேர்ந்தான். எங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை. ரசத்தைச் சோற்றில் ஊற்ற விடமாட்டான், தனியாக டம்ளரில் வாங்கிக் குடிப்பான்.

கல்பள்ளி மயானத்தில் தம்பி அழுத அழுகையைப் பார்த்து, இனி இவன் காரைத் தொடவே மாட்டான் என்று நினைத்தேன். பதினோராம் நாள் சலான் வந்தது. ஹெப்பாள் மேம்பாலம் தாண்டி, இரவு 1.40, அதிவேகம். கேட்டதற்கு, "ஆயிரம் ரூபாய்தானே அக்கா, திரும்பவும் பாதித் தள்ளுபடி விடுவார்கள், அப்போ கட்டிக்கலாம்" என்கிறான். 2023 பிப்ரவரியில் அபராத பாக்கியை 50 சதவீதத்துக்குக் கட்டச் சொன்னார்களே, அந்த ருசி.

போன ஞாயிற்றுக்கிழமை அவனோடு சிவாஜிநகர் மார்க்கெட் போனேன். பெல்ட் போடாமல் ஓட்டுகிறான், வண்டி சத்தமே போடவில்லை. குனிந்து பார்த்தால், பெல்ட் மாட்டுகிற இடத்தில் வெறும் இரும்பு நாக்கு மட்டும் செருகியிருக்கிறது. கட்டைவிரல் நீளம். மேலே கார் கம்பெனி முத்திரை மாதிரி ஒன்று, பளபளவென்று. நாடா கிடையாது. சிவப்புப் பட்டனை அழுத்தினேன், டக்கென்று கையோடு வந்தது. உடனே வண்டி டிங் டிங் என்று கத்த ஆரம்பித்தது. "அக்கா, அதை இருந்த இடத்தில் வை, தலைவலி" என்றான். நான் கொத்தமல்லிக் கட்டோடு பையில் போட்டுக்கொண்டேன்.

இவனிடம் எப்படிப் பேசுவது? போலீஸில் நானே சொல்லலாமா? சாவியைப் பிடுங்கினால் கோபித்துக்கொண்டு பிஜி ஹாஸ்டலுக்குப் போய்விடுவானோ என்றும் பயமாக இருக்கிறது.

கேஷுவல்டி நர்ஸ்:

அக்கா, பெல்ட் போட்டதாக வண்டியை ஏமாற்றுகிற அந்தக் கொக்கியைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அதை ஆன்லைனில் விற்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் உத்தரவு போட்டு, 13,000-க்கும் மேற்பட்ட விளம்பரங்களை எடுக்க வைத்தது. இன்னும் கடைகளில் கிடைக்கிறது, அது வேறு கதை.

ஏர்பேக் இருக்கிறதே என்று நினைப்பவர்களை டியூட்டியில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஏர்பேக் என்பது பெல்ட்டுக்குத் துணை. கண் இமைப்பதற்குள் வெடித்து விரியும். பெல்ட் இல்லாதவர் அது விரிந்து முடிவதற்குள் போய் அதன் மேல் விழுவார், அந்த அடியே போதும். பின் சீட்டில் இருப்பவர் கட்டப்படாத மூட்டை மாதிரி முன்னால் பறப்பார், தானும் அடிபட்டு முன் சீட்டில் இருப்பவரையும் நசுக்குவார். சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பர் 4 அன்று இறந்தது பின் சீட்டில்தான், பெல்ட் போடாமல். நம் ஊரிலேயே 2021 ஆகஸ்ட் 31 விடியற்காலை கோரமங்களாவில் ஒரு ஆடி காரில் போன ஏழு பேரும் போய்விட்டார்கள், ஓசூர் எம்எல்ஏ மகனும் அதில் ஒருவர். ஒருவரும் பெல்ட் போடவில்லை என்றுதான் போலீஸ் சொன்னது.

தம்பியிடம் செத்துப்போவாய் என்று சொல்லாதீர்கள். 25 வயதுக்கு அது ஏறாது. பிழைத்தவர்களைப் பற்றிச் சொல்லுங்கள். எங்கள் வார்டில் ஒரு பையன் இருந்தான், கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையாது. மூக்கு அரித்தால் அவன் அம்மாவைக் கூப்பிடுவான்.

பழைய பிடிஎஸ்:

அம்மா, நான் பெங்களூர் டவுன் பஸ் பிடிஎஸ் என்று இருந்த காலத்தில் டிரைவராகச் சேர்ந்து, அது பிஎம்டிசி ஆன பிறகு ரிட்டயர் ஆனவன். இந்தப் பிள்ளைகளுக்கு பிரேக் மேல் இருக்கிற நம்பிக்கை சாமி மேல் கூட இல்லை.

மணிக்கு 100 கிலோமீட்டர் என்றால் ஒரு நொடிக்கு 28 மீட்டர் ஓடும். கண் பார்த்து, மூளை சொல்லி, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடியாவது ஆகும். அந்த ஒரு நொடியில் இரண்டு பஸ் நீளத்துக்கு மேல் போய்விட்டாய், பிரேக்கில் இன்னும் கால் வைக்கவே இல்லை! ராத்திரி மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் அது இரண்டு நொடி. அப்புறம், வேகம் இரண்டு மடங்கானால் அடி இரண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு. டிரெயினிங்கில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இது.

வாயால் சொன்னால் கேட்கமாட்டான். ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஏரிக்கரைப் பக்கம் அனுப்பு, நான் பக்கத்தில் உட்காருகிறேன். திட்டமாட்டேன், டீயும் வாங்கிக் கொடுப்பேன்.

நெலமங்களா பாஸ்:

சிஸ்டர், எல்லாத் தப்பையும் ஓட்டுகிறவன் தலையில் கட்டாதீர்கள். 2024 டிசம்பரில் எங்கள் நெலமங்களா பக்கம் கன்டெய்னர் லாரி கார் மேல் கவிழ்ந்து ஒரே குடும்பத்தில் ஆறு பேர் போனார்கள். நல்ல கார். அவர்கள் செய்த தப்பு என்ன? குழி, லைட் இல்லாத ரோடு, ராங் சைடில் வருகிற டிராக்டர், இதையெல்லாம் யார் கேட்பது? விதி என்று ஒன்று இருக்கிறது.

அல்சூர் அக்கா:

அண்ணா, ரோடு மோசம்தான், ஒப்புக்கொள்கிறேன். ரோடு மோசம் என்றால் மெதுவாகத்தானே போகவேண்டும்? அந்தக் கொக்கியை விதி வந்து செருகவில்லை.

மேயோ ஹால் கிளார்க்:

மேடம், விபத்து கிளெய்ம் கேஸ் பார்க்கிற வக்கீலிடம் 19 வருஷமாக கிளார்க். இரண்டு விஷயம்.

ஒன்று உங்களுக்கு. ஆர்சி உங்கள் பெயரில் இருப்பதால் ஏதாவது ஆனால் விபத்து நஷ்டஈட்டு டிரிப்யூனல் நோட்டீஸ் முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். தம்பியின் லைசென்ஸ் காலாவதியாகிக் கிடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி பணத்தைக் கட்டிவிட்டு உங்களிடம் வசூலிக்க உத்தரவு வாங்கும். இன்றைக்கே தேதியைப் பாருங்கள். தம்பிக்கு வருவது கிரிமினல் கேஸ். அஜாக்கிரதையால் மரணம் என்றால் முன்பு இரண்டு வருஷம், 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் ஐந்து வருஷம் வரை. கர்நாடகத்தில் 2024 ஆகஸ்டிலிருந்து 130-க்கு மேல் போனால் விபத்தே ஆகாவிட்டாலும் எஃப்ஐஆர். எஃப்ஐஆருக்கு யாரும் பாதித் தள்ளுபடி விடமாட்டார்கள்.

இரண்டாவது, அந்தப் பையனின் அப்பா அம்மாவுக்கு. கிளெய்ம் போட்டார்களா? விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போடவேண்டும். துக்கத்தில் விட்டுவிடுகிறார்கள். அந்தக் காருக்கு இருப்பது முழு பாலிசியா, வெறும் தேர்ட் பார்ட்டியா என்று முதலில் கேளுங்கள். தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால் காரில் சும்மா கூடப்போனவருக்கு இன்சூரன்ஸ் வராது, கார் சொந்தக்காரரிடம்தான் கேட்கவேண்டும். சம்பளச் சீட்டு, வயதுச் சான்று, எஃப்ஐஆர் நகல், போஸ்ட்மார்ட்டம் அறிக்கை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். 25 வயது என்றால் வருஷ வருமானத்தை 18-ஆல் பெருக்குவார்கள். கல்யாணமாகாதவர் என்றால் தன் செலவுக்கு என்று பாதியைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போடுவார்கள்.

அல்சூர் அக்கா:

ஆறு மாதக் கணக்கு எனக்குத் தெரியவே தெரியாது. சார், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது.

நேற்று சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போனேன். தம்பியையும் இழுத்துக்கொண்டு போனேன், ஆட்டோவில். அந்த அம்மா சம்பளச் சீட்டுகளை பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார்கள். தம்பி ஒவ்வொன்றாக மாதவாரியாக அடுக்கினான். நீங்கள் எழுதியதை நான் போனில் படித்துக் காட்டினேன். பாதியைக் கழிப்பார்கள் என்ற இடத்தில் அந்த அப்பா, "அவன் தனக்கென்று எங்கே செலவு செய்தான், எல்லாம் எங்களுக்குத்தானே அனுப்பினான்" என்றார், யாரிடம் என்றில்லாமல். தம்பி தலை நிமிரவில்லை. அடுக்கினதையே திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தான். அவர்கள் கொடுத்த காபி ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது.

வீட்டுக்கு வந்து லைசென்ஸ் தேதி பார்த்தேன், இருக்கிறது. சாவி இப்போது ராத்திரி பத்து மணிக்கு மேல் என் பூஜை அலமாரியில். கேட்காமலேயே கொண்டுவந்து வைத்தான். எத்தனை நாளைக்கு என்று தெரியாது, இவனை நான் அறிவேன். ஆர்சியை அவன் பெயருக்கு மாற்றலாமா என்று யோசித்துவிட்டு, இப்போதைக்கு வேண்டாம் என்று விட்டேன். என் பெயரில் இருக்கிறவரைதான் சாவியைக் கேட்க எனக்கு வாய் இருக்கும். கொக்கியைச் சுத்தியலால் வளைத்துக் குப்பையில் போட்டாயிற்று.

பிடிஎஸ் ஐயா, ஞாயிற்றுக்கிழமை வருகிறானாம். ஆறு மணி முடியாது, ஏழு என்கிறான்.