தருமியைக் காட்டிவிட்டு இடைக்காடனை நடத்தியது தப்பா?

வைகைக்கரை வாத்தியார்
பத்தாம் வகுப்புத் தமிழ் எடுக்கிறேன். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இடைக்காடன் பிணக்குத் தீர்த்த படலம் பாடமாக இருக்கிறது. கதை இதுதான்: கபிலரின் நண்பர் இடைக்காடனார் குசேல பாண்டியன் அவையில் பாடுகிறார். ராஜா தலையைக்கூட ஆட்டவில்லை. புலவர் நேராகக் கோயிலுக்குப் போய், "என்னையா இகழ்ந்தான், சொல்லாக இருக்கும் பார்வதியையும் பொருளாக இருக்கும் உன்னையும் அல்லவா இகழ்ந்தான்" என்று முறையிடுகிறார். சோமசுந்தரர் கோவித்துக்கொண்டு கோயிலை விட்டே கிளம்பி வைகைப் பக்கம் போய்விடுகிறார்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு அடுத்த பீரியட். பாதி வகுப்பு தூக்கம். சரி, இதே புராணத்துக் கதைதானே என்று 1965 'திருவிளையாடல்' படத்தின் தருமி காட்சியை (சிவன் தந்த பாட்டைத் தருமி அவையில் பாட, நக்கீரர் குற்றம் சொல்வாரே, அதை) ஸ்மார்ட் போர்டில் போட்டேன். நாகேஷ் "சொக்கா" என்று புலம்ப ஆரம்பித்ததும் கடைசி பெஞ்சு வரை நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது. பையன்களுக்கு அது மீமில் பார்த்துப் பழகிய முகம். அதன் பிறகு நடத்திய பாடமும் நன்றாகவே போனது.

அடுத்த வாரம் சிறுதேர்வு. பத்துப் பன்னிரண்டு பேர், இடைக்காடனார் பாட்டில் குற்றம் இருந்ததால் மன்னன் மதிக்கவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். ஒருவன் "நெற்றிக்கண் திறப்பினும் குற்றம் குற்றமே எனப் பாடியவர் பரஞ்சோதி முனிவர்" என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறான். பேப்பர் கொடுக்கும்போது ஒரு பெண், "இடைக்காடனா நடிச்சது யாரு சார்?" என்று கேட்டது.

இனிமேல் படம் போடுவதா வேண்டாமா?

ஏட்டுச்சுவடி
வேண்டாம். முப்பது ஆண்டு கல்லூரியில் தமிழ் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

உங்கள் மாணவன் அடிக்கோடிட்டது திரைப்பட வசனம். பரஞ்சோதியார் சொன்னது வேறு: "உம்பரார் பதிபோல் ஆகம் முற்றும் நீர் கண்ணா னாலும் மொழிந்தநும் பாடல் குற்றம் குற்றமே என்றான்". இந்திரனைப்போல உடம்பெல்லாம் கண்ணானாலும் உன் பாட்டு குற்றம்தான் என்கிறான் கீரன், அதாவது நக்கீரர். அந்தச் செய்யுள் முடிகிற இடத்தைப் பாருங்கள்: "தன்பால் ஆகிய குற்றம் தேரான்". தன்னிடம் இருக்கும் குற்றத்தை உணராதவன் என்று புராணம் நக்கீரரைக் குட்டிவிட்டே நகர்கிறது. அதோடும் விடவில்லை. அடுத்த படலத்தில் அவரைப் பொற்றாமரைக் குளத்திலிருந்து கரையேற்றிவிட்டு, அதற்கும் அடுத்த படலத்தில் அகத்தியரிடம் இலக்கணம் படிக்க வைக்கிறது.

நம் பிள்ளைகளுக்கோ நக்கீரர் என்றால் கடவுளையே எதிர்த்து நின்ற வீரர். புராணம் எந்தப் பக்கம் நிற்கிறதோ அதற்கு நேர் எதிர்ப்பக்கம் பிள்ளைகளை நிறுத்திவிட்டு, இதைப் புராணம் கற்பித்தல் என்று எப்படிச் சொல்வது?

மூணாம்பெஞ்ச்
ஐயா, அந்த வசனத்துக்காகத்தான் எங்க ஊர்ல பாதிப் பேருக்கு நக்கீரர் பேரே தெரியும். ஏ.பி. நாகராஜன் டைரக்ட் பண்ணி நக்கீரராவும் அவரே நடிச்சார். படம் மட்டும் வரலைன்னா தருமி கதை வர்ற 52ஆவது படலத்தை யார் புரட்டப் போறாங்க? நீங்களும் உங்க கூடப் படிச்ச நாலு பேரும்.

ஏட்டுச்சுவடி
நாலு பேர் சரியாகப் படித்தால் போதாதா, தம்பி?

மூணாம்பெஞ்ச்
போதாது ஐயா. அரசுப் பள்ளியில 34 பேர் உட்கார்ந்திருக்காங்க.

குமுதா
நான் டீச்சர் இல்லை, ஏழாவது படிக்கிற பிள்ளையின் அம்மா. எனக்கு வேறு பயம். ஒரு தடவை முகம் பதிந்துவிட்டால் அப்புறம் அழியாது. பாட்டி மகாபாரதம் சொன்னபோது என் மனசில் ஒரு கர்ணன் இருந்தான். கறுப்பா, ஒல்லியா, எங்க பெரியப்பா சாயலில். 1964 கர்ணன் படத்தை டிவியில் பார்த்த அன்றைக்கு அந்தக் கர்ணன் போய்விட்டான், இன்றுவரை திரும்பி வரவில்லை. சிவாஜி மேல் குறை இல்லை, அழுதுகொண்டேதான் பார்த்தேன். ஆனால் என் மகளுக்கு அவளுடைய கர்ணன் கிடைக்கட்டுமே.

இன்னொன்று. சாகும் நேரத்தில் கிருஷ்ணன் அந்தணர் வேஷத்தில் வந்து புண்ணியத்தை எல்லாம் தானமாகக் கேட்கிறாரே, அது மகாபாரதத்திலேயே இல்லை, சினிமாக்காரர்கள் சேர்த்தது என்று படித்தேன். இப்படிச் சேர்த்ததை எல்லாம் பள்ளிக்கூடத்தில் காட்டினால்?

சாக்பீஸ் தூசி
குமுதா அக்கா, அது வியாசரில் இல்லை, ஆனால் சினிமாக்காரர் சேர்த்ததும் இல்லை. வில்லிபுத்தூரார் பாரதத்தில் இருக்கிறது. துரியோதனன் மனைவியின் மேகலை அறுந்து மணி சிதறுகிற இடமும், "எடுக்கவோ கோக்கவோ" என்று அவன் கேட்பதும் வில்லிதான். பந்துலு எடுத்த அந்தக் கர்ணன் படத்தில் நமக்குப் பிடித்த இரண்டு இடமும் தமிழ்ப் பாரதத்திலிருந்து வந்தவை. படம் சொல்வது பொய் என்று அடித்திருந்தால் பிள்ளைகள் வில்லியையும் சேர்த்துப் பொய் என்று நினைத்திருப்பார்கள்.

நானும் தமிழ் ஆசிரியைதான். ஏட்டுச்சுவடி ஐயாவிடம் ஒரு கேள்வி. தருமிக்குப் பொற்கிழி வாங்கித் தந்த பாட்டு எங்கிருந்து வந்தது? குறுந்தொகை 2, "கொங்குதேர் வாழ்க்கை". இறையனார் பாடியதாக இருக்கிறது. தலைவன் தும்பியிடம், அதாவது வண்டிடம் கேட்கிறான்: நீ தேன் தேடி எத்தனையோ பூவுக்குப் போகிறாயே, இவள் கூந்தலைவிட மணமுள்ள பூ ஏதாவது உண்டா? எனக்குப் பிடித்ததைச் சொல்லாதே, கண்டதைச் சொல். அவ்வளவுதான். குறிஞ்சித் திணை, ஐந்தே அடி. அதில் பாண்டியனும் இல்லை, பொற்கிழியும் இல்லை, கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா என்ற வழக்கும் இல்லை.

அந்தக் காதல் பாட்டை எடுத்து அவைச் சண்டையாக மாற்றியது யார்? நாகராஜனா? அப்பர் தேவாரத்திலேயே "நன்பாட்டுப் புலவனாய்ச் சங்கம் ஏறி நற்கனகக் கிழி தருமிக்கு அருளினோன்" என்று வந்துவிடுகிறது. பரஞ்சோதிக்கு முன்பே பெரும்பற்றப்புலியூர் நம்பி ஒரு திருவிளையாடல் எழுதிவிட்டார். ஒவ்வொருவரும் முந்தையவர் கதையை எடுத்துத் தன் காலத்துக்கு வளைத்திருக்கிறார்கள். பரஞ்சோதியின் தருமி தாய் தகப்பன் இல்லாத, கல்யாணத்துக்குப் பணம் வேண்டி நிற்கிற ஆதிசைவப் பிள்ளை. நாகேஷின் தருமி, வயிற்றுப்பாட்டுக்கு அலைகிற புலவன். அந்தக் கேள்வி பதிலில் "சேர்ந்தே இருப்பது வறுமையும் புலமையும்" என்று வரும்போது பிள்ளைகள் சிரித்துவிட்டுச் சட்டென்று அடங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

ஏட்டுச்சுவடி
அம்மா, நம்பியும் பரஞ்சோதியும் செய்யுளில் செய்தார்கள். அதைப் படிக்க மாணவன் ஒவ்வொரு சொல்லாகப் பிரிக்க வேண்டும், பொருள் தேட வேண்டும். திரையில் எல்லாம் மென்று ஊட்டப்படுகிறது. குறுந்தொகைச் செய்தியை ஒத்துக்கொள்கிறேன், எனக்கும் அது பிரியமான பாட்டு. ஆனால் நீங்கள் சொன்ன இந்த நீண்ட வரலாறு உங்களுக்குத் தெரிகிறது, அதனால் படம் உங்கள் கையில் கருவியாக இருக்கிறது. அந்தப் பத்துப் பன்னிரண்டு பேருக்கு அது ஒன்றுதான் தெரியும்.

செல்லூர்க்காரன்
நடுவுல ஒரு சந்தேகம். பள்ளிக்கூடத்துல இப்படிப் படம் போட்டா பதிப்புரிமைப் பிரச்சினை வராதா?

மூணாம்பெஞ்ச்
வராது அண்ணே. 1957 பதிப்புரிமைச் சட்டம் 52ஆவது பிரிவுல விலக்கு இருக்கு. பார்க்கிறவங்க மாணவர், ஆசிரியர், பெற்றோர்னு இருக்கணும், வெளியாளைக் கூட்டிவெச்சு டிக்கெட் போடக் கூடாது. 2022லேர்ந்து அரசுப் பள்ளிகள்ல சிறார் படமே காட்டறாங்களே.

குமுதா
அது சிறுவர்களுக்கென்றே தேர்ந்தெடுத்த படங்கள் தம்பி. இது பெரியவர்களுக்கு எடுத்தது. மாமனார் தட்சனின் யாகமும், அங்கே கணவன் மனைவி சண்டையும் வருகிற படத்தை முழுசாகப் போட்டுவிட்டு, வீட்டில் வந்து கேள்வி கேட்டால் நான்தானே பதில் சொல்ல வேண்டும்?

சாக்பீஸ் தூசி
முழுசாகப் போட யாருக்கு அக்கா நேரம்? ரெண்டரை மணி நேரப் படம், நாற்பது நிமிஷ பீரியட். போகட்டும், அந்தத் தட்சன் கதை மதுரையின் 64 விளையாடலில் வருவதே இல்லை. விறகு விற்றது, வலை வீசியது, தருமி மூன்றும்தான் பரஞ்சோதியில் உள்ளவை. எது உள்ளே, எது வெளியே என்று பிள்ளைகளையே உள்ளடக்கப் பக்கத்தில் தேட விட்டால் ஒரு பீரியட் ஓடிவிடும். நான் விட்டிருக்கிறேன். ஒரு பையன் விறகு விற்ற கதை வரும் 41ஆவது படலத்தைக் கண்டுபிடித்துவிட்டு, "டீச்சர், ஏமநாதன் இங்கேயும் இருக்கான்!" என்று கத்தினான். படத்தில் ஏமநாதனாக வந்த பாலையா நிஜமாகவே புத்தகத்துக்குள் உட்கார்ந்திருந்ததுபோல.

வைகைக்கரை வாத்தியார்
எல்லாருக்கும் நன்றி. ஒரு தப்பு என்மேல் என்று இப்போது தெரிகிறது. இடைக்காடனுக்கு முன்னால் தருமியைக் காட்டியிருக்கவே கூடாது. ரெண்டிலும் பாண்டியன், புலவர், சொக்கநாதர். பிள்ளைகள் குழம்பாமல் என்ன செய்வார்கள்? ஒன்றில் ராஜா தப்பு, இன்னொன்றில் (புராணப்படி) புலவர் தப்பு. பாடத்தை முடித்துவிட்டுக் காட்டியிருந்தால் ஒப்பிட்டிருப்பார்கள்.

பேப்பரில் அடிக்கோடு போட்டவனைக் கூப்பிட்டு ஏட்டுச்சுவடி ஐயா தந்த செய்யுளைக் காட்டினேன். ரெண்டு தடவை வாய்விட்டுப் படித்தான். "சார், அப்ப நக்கீரர் சொன்னது சரியா தப்பா?" என்றான். படம் பார்த்ததால்தான் அந்தக் கேள்வி வந்தது. வெறும் செய்யுளாக நடத்தியிருந்தால் கேட்டிருக்க மாட்டான் என்பது என் எண்ணம்.

திங்கட்கிழமை ஆறாவது பீரியடில் நக்கீரர் அந்த வசனத்தைச் சொல்லி முடித்ததும் படத்தை நிறுத்திவிட்டு, செய்யுளைப் போர்டில் எழுதப் போகிறேன்.

ஏட்டுச்சுவடி
என் கருத்தில் மாற்றமில்லை. போர்டில் முதலில் எழுதுங்கள், படத்தைப் பிறகு போடுங்கள். வரிசை முக்கியம். "ஆகம்" என்றால் உடம்பு என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் ஆகமம் என்று எழுதி வைப்பார்கள்.

வைகைக்கரை வாத்தியார்
ஏற்கெனவே ஒருத்தன் எழுதிவிட்டான் ஐயா.

மூணாம்பெஞ்ச்
அந்தப் பொண்ணு கேட்டதுக்கு என்ன பதில் சொன்னீங்க சார், இடைக்காடனா நடிச்சது யாருன்னு?

வைகைக்கரை வாத்தியார்
இன்னும் யாரும் நடிக்கலைம்மா என்றேன். "அப்ப நாங்க நடிக்கட்டா?" என்று கேட்டது. ஆண்டு விழாவுக்குப் பேர் கொடுத்திருக்கிறார்கள். குசேல பாண்டியன் வேஷத்துக்குத்தான் இப்போது அடிதடி.