மறுமொழி: 'பிளவுண்ட் நோய்' வேண்டாம், 'உள்ளோரச் சுணக்கம்' எப்படி?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

குழந்தைகளின் கால் வில்போல வளைந்துபோகும் 'பிளவுண்ட்' (Blount) நோய்க்கு நல்ல தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழையை முதல் மடலிலிருந்தே படித்து வருகிறேன். பெருந்துறைப் பக்கம் குழந்தைகளுக்கு இயன்முறை சிகிச்சை செய்கிறேன். பெற்றோர் கையில் கொடுக்கும் தமிழ்த் துண்டறிக்கையை எழுதுவதும் நான்தான். அதனால் இந்தச் சொல் எனக்கு நாளைக் காலையே வேண்டியிருக்கிறது.

முதலில் 'பிளவுண்ட் நோய்' பற்றி. ஆங்கிலப் பெயரை அப்படியே ஒலிபெயர்த்தால் போதும் என்று மருத்துவர் ஐயா எழுதியிருந்தார். நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன், ஒரு தாய் அந்தத் தாளை என் முன்னாலேயே எழுத்துக்கூட்டிப் படிக்கும்வரை. மடியில் இரண்டரை வயதுப் பையன். படித்து முடித்துவிட்டு, "ஏனுங்க, எலும்பு பொளந்து போச்சுங்களா?" என்று கேட்டார். கண் கலங்கிவிட்டது. அவர் படித்ததில் தவறே இல்லை. 'பிளவுண்ட' என்றால் தமிழில் பிளந்துபோன என்றுதானே பொருள்! வால்டர் பிளவுண்ட் அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்து எலும்பு மருத்துவர், 1937-இல் இந்த நோயை விரிவாக எழுதினார். அவருக்கும் முன்பே 1922-இல் எர்லாக்கர் என்பவர் எழுதியிருக்கிறார். ஆள் பெயரைக் கட்டாயம் காப்பாற்ற வேண்டிய நோய் இல்லை இது.

அடுத்து, பொதுவாகக் கால் வளைந்திருப்பதற்கு 'வளைகால்' என்று அக்கா சொன்னது. பிறவியிலேயே பாதம் உள்ளே திரும்பியிருப்பதை ஏற்கெனவே 'வளைந்த பாதம்' என்கிறோம். இரண்டும் குழம்பும். 'கவட்டைக்கால்' ஊர் வழக்குதான், ஆனால் கவட்டை என்றால் தொடையிடுக்கும் ஆகிவிடுகிறது, வயசுக்கு வந்த பெண் பிள்ளை முன்னால் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. எனக்கு 'வில்கால்' பிடித்திருக்கிறது. கணுக்கால்கள் சேர்ந்து, முட்டிகள் விலகி நிற்கிற வடிவம் அதில் அப்படியே தெரிகிறது. புணர்ச்சி விதிப்படி 'விற்கால்' என்றுதான் எழுத வேண்டும் என்பதும் சரிதான். ஆனால் கேட்கிறவர் காதில் அது 'விற்க' என்று விழுகிறது. பழனிக்கு நாம் பால்காவடிதான் எடுக்கிறோம், பாற்காவடி என்று யாரும் சொல்வதில்லை. வில்காலையும் அப்படியே விட்டுவிடலாம்.

இனி நோயின் பெயர். இங்கேதான் நிதானம் வேண்டும். ஏனென்றால் பிறந்த குழந்தைகள் எல்லோருக்குமே கால் கொஞ்சம் வில்லாகத்தான் இருக்கும். இரண்டு வயதுக்குள் நேராகும், மூன்று நான்கு வயதில் எதிர்ப்பக்கமாக முட்டி தட்டும், ஏழு வயதுவாக்கில் பெரியவர்கள் கால் போல அமைந்துவிடும். "எம்பட பையனுக்கும் இப்பிடித்தான் இருந்துச்சுங்க, தானா நேராப் போயிருச்சுங்க" என்று அம்மாயிமார்கள் (பாட்டிமார்கள்) சொல்வது பெரும்பாலும் உண்மை. அந்தக் குழந்தைகளுக்குச் சிகிச்சையே தேவையில்லை. நோய் உள்ள குழந்தைக்கும் அதே வார்த்தையைச் சொல்லி எண்ணெய் தேய்த்து நீவிக்கொண்டே வருடத்தைக் கடத்துவதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

அதனால் முதலில் 'நிமிரா வில்கால்' என்று யோசித்தேன். நல்ல எதிர்மறைப் பெயரெச்சம், சொல்லவும் எளிது. அதே தாயிடம் சொல்லிப் பார்த்தேன். "நிமிரவே நிமிராதுங்களா?" என்றார். உடனே கைவிட்டேன். காலத்தோடு பார்த்தால் நிமிர்த்த முடிகிற காலுக்கு அந்தப் பெயர் வைப்பது பாவம். சத்துக்குறையால் வரும் எலும்பு மெலிவிலும் கால் தானாக நிமிராது. அது வேறு நோய், அதற்கு மருந்தே வேறு.

நோய் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் வழி கிடைக்கிறது. முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பின் மேல்முனையில், எலும்பு நீளமாக வளர்கிற இடமான வளர்ச்சித் தட்டு இருக்கிறது. அதன் உள்ளோரம் மட்டும் வளர்ச்சியில் பின்தங்கும், வெளியோரம் வழக்கம்போல வளரும், கால் வெளியே வளையும். வளைந்தால் உடம்பின் பாரம் மேலும் உள்ளோரத்தில் இறங்கும், பாரம் அழுத்தினால் வளர்ச்சி மேலும் குறையும். சீக்கிரம் நடக்கத் தொடங்கிய, எடை கூடுதலான குழந்தைகளிடம் இது அதிகம் வருவது இதனால்தான் என்கிறார்கள். பத்து வயதுக்கு மேல் எடை கூடிய பிள்ளைகளுக்கு வருவதும் உண்டு, அப்போது பல நேரம் ஒரு காலில் மட்டும் இருக்கும்.

'ஒருபக்க வளர்ச்சித் தேக்கம்' என்று ஒரு நண்பர் முன்வைத்தது நெருங்கி வருகிறது. ஆனால் 'ஒருபக்கம்' என்றதும் நம் ஆட்களுக்குப் பக்கவாதம் நினைவுக்கு வரும். 'தேக்கம்' என்றால் முட்டியில் நீர் கோத்திருப்பதாக நினைப்பார்கள். மஞ்சள் பயிர் சரியாக வராவிட்டால் நம் பக்கம் "பயிர் சுணங்கி நிக்குது" என்கிறோம் இல்லையா? செத்துவிடவில்லை, வர வேண்டிய அளவு வரவில்லை. அதே சொல் போதும்: உள்ளோரச் சுணக்கம். நூலில் எழுதும்போது 'உள்ளோரச் சுணக்க வில்கால்' என்று முழுதாக எழுதலாம்.

சிகிச்சையில் ஒரு சொல் மட்டும் கேட்கிறேன். மூன்று வயதுக்குள், ஆரம்ப நிலையில் காலை நேராகப் பிடிக்கும் தாங்கிக் கருவி மாட்டிப் பார்ப்பார்கள். பதின்வயதில் தாங்கிக்கு வேலை இல்லை. வளர்ச்சி மிச்சமிருக்கும் பிள்ளைக்கு, வெளியோரத்தில் எட்டு வடிவச் சிறு தகடும் இரண்டு திருகும் வைத்து அந்தப் பக்கத்தை நிறுத்திப் பிடிப்பார்கள். உள்ளோரம் மெல்ல எட்டிப் பிடிக்கும், நேரானதும் தகட்டை எடுத்துவிடலாம். முற்றிவிட்டால் எலும்பை வெட்டித்தான் நிமிர்த்த வேண்டும், சிறு குழந்தைக்கு அதை நான்கு வயதுக்குள் முடிப்பது நல்லது. இந்தத் தகட்டு முறைக்கு 'நெறிப்படுத்திய வளர்ச்சி' என்கிறார்கள். எனக்கு 'வளர்ச்சி முறைவைப்பு' தோன்றுகிறது. கீழ்பவானி வாய்க்காலில் ஒற்றைப்படை மதகை அடைத்து இரட்டைப்படை மதகுக்கு முறைத் தண்ணீர் விடுகிறார்களே, அதே வேலைதான். வெளியோரத்தை அடைத்து உள்ளோரத்துக்கு முறை விடுகிறோம். பாசனம் தெரியாத ஊர்க்காரர்களுக்கு இது விளங்குமா என்று சொல்லுங்கள்.

அப்புறம், இன்னொரு சொல் பாக்கி இருக்கிறது. நோயுள்ள குழந்தை ஒவ்வோர் எட்டு வைக்கும்போதும், பாரம் இறங்கியதும் முட்டி வெளிப்பக்கமாகச் சட்டென்று ஒதுங்கித் திரும்பும். இரண்டு வயதுக்கு மேல் இது தெரிந்தால் காத்திருக்கக் கூடாது. அந்தப் பையனின் அம்மாயி அதை யாரும் கேட்காமலேயே சொன்னார்: "நடக்கையில முட்டி வெளிய வெட்டுதுங்க." நான் 'முட்டிவெட்டு' என்று குறித்து வைத்திருக்கிறேன். அறுவை என்று யாராவது எடுத்துக்கொள்வார்களோ என்பது ஒன்றுதான் யோசனை. வேறு சொல் உங்கள் ஊரில் இருந்தால் எழுதுங்கள், துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

அன்புடன்,
பெருந்துறையிலிருந்து