மாஸ்ட் பேஸை எங்கே வைப்பது? காற்று ஏறினால் பலகையின் மூக்கு தூக்குகிறது

மண்டபத்தான்

வணக்கம். மண்டபத்தில் பாக் விரிகுடாப் பக்கம் விண்ட்சர்ஃபிங் (பாய் பொருத்திய பலகையில் நின்று ஓட்டுவது) பழகுகிறேன். இது எனக்கு 2வது கச்சான் (தென்மேற்குக் காற்று) பருவம். பலகை 130 லிட்டர் ஃப்ரீரைட் (பந்தயத்துக்கு அல்லாத பொதுவான வகை), கைமாறி வந்தது. பாய் 7.0 சதுர மீட்டர், ஃபின் (வாலுக்கு அடியில் நீட்டியிருக்கும் துடுப்பு) 46 செ.மீ., என் எடை 72 கிலோ.

12, 13 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) காற்றில் பலகை தானாகவே காற்றை நோக்கித் திரும்பிக்கொண்டே இருக்கிறது. பாயை முன்னால் சாய்த்துச் சாய்த்தே கை ஓய்ந்துவிடுகிறது. 18க்கு மேல் ஏறி பிளேனிங் (பலகை எழும்பித் தண்ணீர் மேல் வழுக்கி ஓடுவது) வந்ததும் வேறு தொல்லை. மூக்கு தூக்குகிறது, பலகை தண்ணீரில் டப்டப்பென்று அடிக்கிறது, சில நேரம் அடியில் காற்று புகுந்து ஒரு பக்கமாகப் புரட்டிவிடுகிறது. நேற்று அப்படி விழுந்ததில் பூம் (பாயைக் கையால் பிடிக்கும் குறுக்குக் கம்பு) நெற்றியில் பட்டது.

மாஸ்ட் பேஸ் (பாய்மரத்தைப் பலகையோடு பொருத்தும் அடிப்பாகம்) வாங்கும்போது எங்கே இருந்ததோ அங்கேயே, டிராக்கின் (பேஸை நகர்த்தித் திருகும் பள்ளத்தின்) பின்முனைக்குப் பக்கத்தில் இருக்கிறது. டிராக்கில் எண் எதுவும் இல்லை. இதுதான் காரணமா? எவ்வளவு நகர்த்த வேண்டும்? இங்கே சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் கைட்சர்ஃபிங் செய்கிறவர்கள், கேட்க ஆளில்லை.

செர்ரி பீச்

தம்பி, நெத்திக் காயம் எப்படி? முதல்ல ஒரு டேப் எடுத்து அளந்து போடுங்கோ. பலகையின்ர வால் நுனியில இருந்து பேஸின்ர நடு மட்டும். மூக்கில இருந்து அளக்காதேங்கோ, நீளம் பலகைக்குப் பலகை மாறும். டிராக்கின்ர ரெண்டு முனையையும் சேர்த்து அளவுங்கோ.

மண்டபத்தான்

வீக்கம் மட்டும்தான் அண்ணா, வேறொன்றும் இல்லை. அளந்துவிட்டேன். வாலிலிருந்து டிராக் 120 செ.மீ.இல் தொடங்கி 144இல் முடிகிறது. பேஸ் 122இல் இருக்கிறது.

வேகமே போதும்

பின்னால் இருப்பதில் தவறில்லையே! பேஸ் பின்னால் இருந்தால் மூக்கு லேசாகும், தண்ணீரில் படும் பரப்பு குறையும், வேகம் வரும். முன்னால் தள்ளினால் பலகை தண்ணீரோடு ஒட்டிக்கொள்ளும். நான் எப்போதும் பின்னால்தான் வைக்கிறேன். நீங்கள் ஃபின்னை மட்டும் 40க்கு மாற்றிப் பாருங்கள்.

செர்ரி பீச்

வேகமே போதும் சொல்றது பொய்யில்லை. ஆனால் அது பலகையைக் காலால அடக்கத் தெரிஞ்ச ஆளுக்கு, தட்டைத் தண்ணியில. தம்பிக்கு இப்ப அது வேண்டாம்.

வடிவா யோசிச்சுப் பாருங்கோ. ஹார்னஸில (பூமோட கொளுவுற இடுப்புப் பட்டியில) தொங்கேக்க உங்கட பாரம் காலால மட்டும் பலகைக்குப் போறேல்ல. பூம், மாஸ்ட் வழியா இறங்கி, கடைசியில அந்த பேஸ் இருக்கிற ஒரு புள்ளியிலதான் பலகையை அமத்துது. அந்தப் புள்ளி பின்னுக்கு நிண்டால் மூக்கைப் பிடிக்க ஆளில்லை. கால் ரெண்டும் ஏற்கெனவே பின்னுக்கு, பேஸும் பின்னுக்கு எண்டால் ஒரு சின்ன அலை காணும், மூக்கு எழும்பிவிடும். அதுக்குக் கீழ காத்து புகுந்தால் பிறகு பிடிக்கேலாது.

காத்துக் குறைவா இருக்கேக்க திரும்புறதுக்கும் காரணம் அதுதான். பலகை மெல்லப் போகேக்க அதின்ர முழு உடம்பும் தண்ணிக்க இருக்கு. பக்கவாட்டாத் தள்ளுப்படாமத் தாங்குற இடம் அப்ப கிட்டத்தட்ட நடுவில. பாயின்ர இழுவை அதுக்குப் பின்னால விழுந்தால் வால் விலகும், மூக்கு காத்துக்குத் திரும்பும். பிளேனிங் வந்தாப் பிறகு அந்தத் தாங்குற இடம் ஃபின் பக்கம் போயிடும், அதால திரும்புறது நிண்டுபோகும். ரெண்டு தொல்லையும் ஒரே இடத்தில இருந்துதான் வருது.

உங்கட டிராக்கின்ர நடு 132. நாளைக்கு அங்க வையுங்கோ. அதுக்குப் பிறகு ஒருமுறைக்கு 1 செ.மீ., கூடினால் 2. அதுக்கு மேல நகர்த்தினால் எது என்ன செய்தது எண்டு தெரியாமல் போகும்.

பழைய பாய்

பேஸில் கை வைப்பதற்கு முன்னால் பாயைப் பாருங்கள், தம்பி. சென்னையில் பல வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். புதிதாகப் பழகுகிறவர்களில் பாதிப்பேருக்கு மேல் டவுன்ஹாலை (பாயைக் கீழ்நோக்கி இழுத்து இறுக்கும் கயிற்றை) போதுமான அளவு இழுப்பதில்லை. கயிறு கையை அறுக்கிற அளவுக்கு இழுத்த பிறகும் இன்னும் கொஞ்சம் இருக்கும். பாயைத் தரையில் கிடத்திப் பார்த்தால் மேல் பேட்டன் (பாய்க்குக் குறுக்கே செருகும் குச்சி) இரண்டுக்கும் நடுவே பின்விளிம்பு தளர்ந்து தொங்க வேண்டும். அங்கே விறைப்பாக இருந்தால், காற்று ஏற ஏற இழுவை பின்னாலும் மேலேயும் ஓடும். பின்கை கனக்கும். பேஸை எங்கே வைத்தாலும் அது சரியாகாது.

ஹார்னஸ் கயிற்றையும் பாருங்கள். தொங்கியபடி இரண்டு கையையும் பூமில் லேசாக வைத்துப் பார்க்க வேண்டும். பின்கையில் இழுவை தெரிந்தால் கயிற்றைப் பின்னால் தள்ளுங்கள். 18 நாட்டில் பூமை இரண்டு விரல் இறக்குவதும் மூக்கை அடக்கும். அதைவிட முக்கியம், 72 கிலோ ஆளுக்கு அந்தக் காற்றில் 7.0 பெரிது. 6க்குக் கீழே ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபின்னை மட்டும் 40 ஆக்கி 7.0 பாயோடு போனால் வால் பக்கவாட்டில் வழுக்கும், அது வேறு வம்பு.

இன்னொன்று. பந்தயப் பலகைகளில் ஓடும்போதே டிராக்கைக் காலால் நகர்த்துவதைப் பார்த்திருப்பீர்கள். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியாவின் எபாத் அலி வெண்கலம் வாங்கிய ஆர்எஸ்:எக்ஸ் பலகை அப்படிப்பட்டது. காற்றை எதிர்த்து ஏறும்போது முன்னால், காற்றோடு இறங்கும்போது பின்னால் என்று மாற்றிக்கொண்டே போவார்கள். நம் பலகையில் திருகி வைத்த இடம்தான் அன்றைக்கு முழுவதும். அதனால் எல்லாத் திசைக்கும் ஒத்துவருகிற நடு இடத்தில் தொடங்குவதே முறை.

ஒரு எச்சரிக்கை. கச்சானில் மண்டபத்தின் வடகரையில் காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். தண்ணீர் தட்டையாக இருப்பதே ஆளை உள்ளே இழுக்கும். சோதனை எல்லாம் இடுப்பளவு தண்ணீருக்குள்ளேயே, கரையில் ஒரு ஆளை நிறுத்திவிட்டு.

மண்டபத்தான்

இரண்டு நாள் ஆயிற்று, எழுதத் தாமதம். முதல் நாள் டவுன்ஹாலை மட்டும் இழுத்தேன். இன்னும் 3 செ.மீ. வந்தது! பின்கை கனம் பாதி குறைந்தது, ஆனால் மூக்கு தூக்குவது நிற்கவில்லை. பேஸ் 122இலேயே இருந்தது.

நேற்று 132இல் வைத்தேன். லேசான காற்றில் பலகை நேராகப் போகிறது, கைவலி இல்லை. 18 நாட்டில் 1 மணி நேரம் ஓட்டினேன், ஒருமுறைகூடப் புரட்டவில்லை. பிறகு 135 வைத்துப் பார்த்தேன். அடக்கமாக இருந்தது, ஆனால் பலகைக்கு உயிரே இல்லை, ஜைப் (காற்றோடு வளைந்து திரும்புவது) திரும்ப மறுத்தது. 133க்கு வந்ததும் பிடித்துப்போனது. டிராக் ஓரத்தில் அழியாத மையால் கோடு போட்டுவிட்டேன்.

பேஸைக் கழற்றியபோது இன்னொன்று கண்ணில் பட்டது. டிராக்குக்குள் மணல் கெட்டியாக அடைந்திருந்தது, நட் முழுதாக இறுகவே இல்லை. இணைப்பு ரப்பரை வளைத்துப் பார்த்தால் சுற்றிலும் மயிரிழை விரிசல்கள். இன்னும் ஓட்டலாமா?

பழைய பாய்

ஓட்டாதீர்கள். கரையோரத்தில்கூட வேண்டாம். அந்த ரப்பர் அறுந்தால் பலகையும் பாயும் தனித்தனி. பக்கத்தில் இருக்கிற பாதுகாப்புப் பட்டை பிடிக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. வெயிலில் அதுவும் இற்றிருக்கும். புது ரப்பர் இரண்டு வாங்குங்கள், ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவி, மாதம் ஒருமுறை வளைத்துப் பாருங்கள்.

செர்ரி பீச்

ஓம், அதேதான். இஞ்ச ஒன்டாரியோ ஏரியில நடுவில எனக்கு ஒருக்கா அறுந்தது. பலகையில படுத்து, பாயைக் காலால இழுத்துக்கொண்டு, கையால துடுப்புப் போட்டுத்தான் கரைக்கு வந்தனான். அண்டைக்குக் காத்து கரைப்பக்கமா அடிச்சுது. உங்கட கரையில அந்த வசதி இல்லை.

சின்னப் பாய் எடுத்தால் 133ஐ அப்பிடியே வைக்காதேங்கோ. பூம் நீளம் குறையேக்க இழுவை முன்னுக்கு வரும், அதால பேஸை 1, 2 செ.மீ. பின்னுக்கு எடுங்கோ.

மண்டபத்தான்

சரி அண்ணா. ரப்பருக்குச் சொல்லிவிட்டேன், வரும்வரை கடலில் இறங்கவில்லை. தெரிந்தவர் ஒருவர் 5.8 பாய் தருகிறேன் என்றிருக்கிறார். அதை 131இல் தொடங்கிப் பார்த்து இங்கேயே எழுதுகிறேன்.